ஏலாது அண்ணனும் ஐந்து படியும்

திண்டுக்கல்லில் மனிதர்களுக்கு ரத்தக்கொதிப்பு வருவதற்கு உப்பு காரணம், ஊறுகாய் காரணம் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். நம்பாதீர்கள். அதில் பாதிக்குக் காரணம் ஒரே ஒரு ஆள். வெல்டிங் வேலை செய்பவர். அவருடைய உண்மையான பெயர் எனக்குத் தெரியாது. அவரிடம் வேலை கொடுத்த யாருக்கும் தெரியாது. ‘ஏலாது’ என்றால்தான் தெரியும். எதைச் செய்யச் சொன்னாலும் அவர் வாயிலிருந்து வரும் முதல் சொல் அது. முடியாது என்பதை மற்றவர்கள் கொஞ்சம் வருத்தத்தோடு சொல்வார்கள். இவர் நம்மைத் திருட்டு மாங்காயோடு பிடித்துவிட்டதைப் போலச் சொல்வார்.

அவரை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சூடாகிறது. அந்தச் சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும்.

என் மனைவி ஸ்டெல்லா பள்ளிக்கூட ஆசிரியை. இருபத்தாறு வருடம் கரும்பலகை முன்னால் நின்று நின்றே வலது முழங்கால் தேய்ந்துபோனது. மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் மூட்டு மாற்று ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். அதற்கு ஒரு மாதம் முன்பே டாக்டர் கேட்டார், வீட்டு வாசலில் படி இருக்கிறதா என்று. இருக்கிறது. ஐந்து படி. மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வரக்கூடாது என்று கட்டும்போதே நான் பெருமையாக உயர்த்தியது. பிடித்து ஏற ஒரு கம்பி கிடையாது. “கைப்பிடி போடாம கூட்டிட்டுப் போகாதீங்க. ஒரு தடவை விழுந்தாங்கன்னா எல்லாம் வீண்” என்றார் டாக்டர். ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். நான் நெஞ்சில் கை வைத்து, அது என் பொறுப்பு என்றேன். அதே கையைக் கன்னத்தில் வைத்து உட்காரும் நாள் வரும் என்று அப்போது தெரியவில்லை.

கைப்பிடி என்பது என்ன பெரிய சமாச்சாரம்? மூன்று கால், மேலே சாய்வாக ஒரு குழாய். இதற்கு ஆள் பிடிக்க நான் பட்ட பாட்டை நினைத்தால் வயிறு எரிகிறது. பன்னிரண்டு அடி கேட் வேண்டும், அதில் இரண்டு மயில் வேண்டும் என்று சொல்லுங்கள். நீங்கள் பல் தேய்த்து முடிப்பதற்குள் நான்கு பேர் டேப்போடு வாசலில் நிற்பார்கள். சின்ன வேலை என்று சொல்லிப் பாருங்கள். ஊரில் வெல்டிங் என்ற தொழிலே இருந்ததில்லை என்பதுபோல் பார்ப்பார்கள். முதல் பட்டறைக்காரர், இத்தோடு மொட்டைமாடியில் ஷெட்டும் போடுவதாக இருந்தால் வருவதாகச் சொன்னார். படி ஏற முடியாதவளுக்கு மாடியில் ஷெட் எதற்கு என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார். இரண்டாமவர் வந்தார், பார்த்தார், காபி குடித்தார், பெரிய ஓட்டல்களில் இருப்பதுபோல் எவர்சில்வரில் வளைத்துப் போடலாம் என்று ஒரு விலை சொன்னார். அந்த விலைக்கு இன்னொரு முழங்காலையும் மாற்றிவிடலாம். மூன்றாமவர் நல்ல மனிதர். தினமும் போனில் “நாளைக்குக் கண்டிப்பா வாரேன் சார்” என்பார். அவர் குரலைக் கேட்காவிட்டால் எனக்கு ஏதோ குறைவது போல இருக்கும் அளவுக்குப் பழகிவிட்டோம். இன்றுவரை முகம் பார்த்ததில்லை.

இப்படியே மூன்று வாரம் ஓடிப்போனது. நான் நூல் மில்லில் டைம் ஆபீஸில் வேலை பார்க்கிறவன். ஐந்து நிமிடம் தாமதமாக வருகிறவர்களைச் சிவப்பு மையில் குறிப்பதுதான் என் உத்தியோகம். என் பெயரை யார் குறிப்பது?

ஒரு செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அடுத்த செவ்வாய் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். மயக்கம் தெளிந்ததும் ஸ்டெல்லா கேட்ட முதல் கேள்வி, “கம்பி போட்டாச்சா?”

“பெயிண்ட் மட்டும் பாக்கி” என்றேன். அவளுடைய தங்கை பக்கத்தில் இருந்தாள். அவள் என்னை நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

புதன்கிழமை மாற்று உடை எடுக்க ஊருக்கு வந்தபோது எதிர்வீட்டு சவரிமுத்துவிடம் புலம்பினேன். அவர்தான் ஏலாதைச் சொன்னார். ஊரிலேயே கூலி குறைவு, வேலை சுத்தம், ஆனால் பிரஷர் மாத்திரை போட்டுக்கொண்டு போ என்றார்.

கூலி குறைவு என்பது உண்மை. அவரைச் சகித்துக்கொள்வதற்கு நாம் கொடுப்பது தனிக்கணக்கு. யார் அந்தப் பொருளைப் பயன்படுத்தப் போகிறார்களோ அவர்களை நேரில் பார்க்காமல் வெல்டிங் ராடைக் கையில் எடுக்க மாட்டார். ஒரு வீட்டில் கட்டிலுக்குக் கால் பத்தவைக்கச் சொன்னார்கள். வேலை முடிந்ததும் குடும்பத்தில் உள்ள எல்லோரையும் ஒரே நேரத்தில் அதில் படுக்கச் சொன்னாராம். பேச்சு வார்த்தை இல்லாத மாமியாரும் மருமகளும் அன்று அடுத்தடுத்துப் படுத்தார்கள். கேட்டில் சிங்க முகம் கேட்டவரிடம், சிங்கத்துக்கு யார் தீனி போடுவது என்று கேட்டுவிட்டு வந்துவிட்டார். சிறுமலையில் ஒருவர் வாழைத்தார் ஏற்ற மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் கம்பிக்கூடு கேட்டார். தார் எப்படி ஆடுகிறது என்று பார்க்காமல் ஏலாது என்றார் இவர். மலைக்காரர் வேடிக்கைக்கு, “அப்ப நீங்களே தாரா உக்காந்து வாங்க” என்று சொல்லிவிட்டார். உட்கார்ந்துவிட்டார். பதினெட்டு வளைவையும் வாழைத்தாராகவே ஏறி, ஒவ்வொரு வளைவிலும் வாந்தி எடுத்து, ஒவ்வொரு வாந்திக்கும் அந்த ஆளின் பரம்பரையைத் திட்டி, மேலே போய் இறங்கியதும் கூட்டுக்கு அளவு சொன்னாராம். அந்தக் கூடு இன்றும் அந்த வண்டியில் இருக்கிறது.

இதெல்லாம் கேட்கும்போது சிரிப்பாக இருந்தது. எனக்கு நடந்தபோதுதான் சிரிப்பு வரவில்லை.

வடமதுரை ரோட்டில் ஒரு தகர ஷெட் அவர் பட்டறை. ஒட்டடைக்குச்சிக்குக் கைலி கட்டினாற்போல ஒரு மனிதர். சட்டையில் துணியைவிடப் பொறி பட்ட ஓட்டை அதிகம். புருவம் கருகிப் பாதிதான் இருந்தது. அந்தப் பாதியை வைத்துக்கொண்டே முழுசாக முறைத்தார்.

“அண்ணே, படிக்கு ஒரு கைப்பிடி…”

“ஏலாது.”

“நான் இன்னும் முழுசாச் சொல்லவே இல்லண்ணே.”

“சொல்லு. சொன்ன பெறகும் ஏலாது.”

எல்லாவற்றையும் சொன்னேன். முழங்கால், மதுரை, எந்த ஆஸ்பத்திரி, எந்த மாடி, அடுத்த செவ்வாய். பரிதாபம் வரட்டும் என்று ஆஸ்பத்திரிச் சாப்பாடு வரைக்கும் சொன்னேன். அவர் ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, ஆளைக் கூட்டி வா என்றார். படியை அளந்தால் போதாதா என்றேன்.

“படியா அப்பு கம்பியப் பிடிக்கப் போகுது?”

அதன்பிறகு விசாரணை தொடங்கியது. ஆள் என்ன உயரம்? என் காது வரைக்கும் இருப்பாள் என்றேன். இல்லை, தோள் வரைக்கும் என்று திருத்தினேன். எந்தக் கையில் பிடிமானம் அதிகம்? சோறு போடுவது வலது கை என்றேன். நிற்கும்போது எந்தப் பக்கம் சாய்வாள்? தெரியாது. ஆபரேஷன் எந்தக் கால்? அது மட்டும் தெரிந்தது. அவர் பீடியை வாயிலிருந்து எடுத்தார்.

“இம்புட்டு வருசமா யாரு கூடய்யா குடும்பம் நடத்துற?”

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கம்பி கேட்டு வந்தவனுக்கு இல்லறப் பரீட்சையா? ஆனாலும் வேறு வழியில்லை. நான் கெஞ்சிக் கூத்தாடியதில், மறுநாள் காலையில் வீட்டுக்கு வந்து படியைப் பார்ப்பதாக ஒப்புக்கொண்டார். ஒரு நிபந்தனை. அவள் தினமும் போடும் வளையல் ஒன்றும் செருப்பு ஒரு ஜோடியும் எடுத்து வைக்க வேண்டும்.

வியாழக்கிழமை காலை மொபெட்டில் வந்தார். செருப்பை முதல் படியில் வைத்தார், இரண்டாம் படியில் வைத்தார், தள்ளி நின்று பார்த்தார், மறுபடி நகர்த்தினார். வளையலைக் குழாய்த் துண்டு ஒவ்வொன்றிலும் மாட்டிப் பார்த்து, கைக்குள் எந்தப் பருமன் அடங்கும் என்று முணுமுணுத்தார். நடுவில் பீடிப் புகை வேறு. மனைவி ஆஸ்பத்திரியில் இருக்க, புருசன் அவள் வளையலையும் செருப்பையும் ஒரு புருவமில்லாத ஆளிடம் கொடுத்து வாசலில் ஏதோ செய்துகொண்டிருந்தால் தெரு என்ன நினைக்கும்? பக்கத்து வீட்டம்மா ஜன்னலுக்குள் நின்று ஜெபமாலை சொல்லத் தொடங்கிவிட்டார்.

அரைமணி நேரம் கழித்து ஏலாது வளையலை என் கையில் கொடுத்தார். “ஏலாது அப்பு. பொருள வச்சு ஆள அளக்க முடியாது. ஆளு வரட்டும்.”

நான் வெடித்தேன். “ஆளு உள்ள வரணும்னா படி ஏறணும். படி ஏறணும்னா கம்பி வேணும். கம்பி போட ஆளு வரணுமா? மூளைன்னு ஒண்ணு இருக்கா உமக்கு?”

அவர் மொபெட்டை மிதித்துக்கொண்டே, நான் கத்திய நேரத்தில் உருப்படியாக மதுரைக்கு ஒரு பஸ் பிடித்திருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று மத்தியானம் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். இந்த வெல்டர்கள் சாதியே வேண்டாம். நானே மெஷின் வாங்கி நானே பத்தவைப்பேன். கோபத்தில் எடுத்த முடிவு என்று சொல்ல வேண்டாம். கோபமும் அறியாமையும் சரிபாதி கலந்து எடுத்த முடிவு.

கடைக்காரர் மூன்று மெஷின் காட்டினார். ஒன்று பீரோ அளவு, சக்கரம் வைத்தது. ஒன்று டி.வி. அளவு. மூன்றாவது சோற்றுக்கேரியர் அளவு, தோளில் மாட்ட வார் வைத்து, ஸ்டெல்லாவின் கைப்பை மாதிரியே இருந்தது. விலையும் அதற்குத்தான் குறைவு. என்ன வேலைக்கு என்று கேட்டார். ஒரு கைப்பிடிக்கு என்று சொல்ல மானம் இடம் கொடுக்கவில்லை. “பல வேலை இருக்கு” என்றேன். தலையில் மாட்டும் முகக்கவசமும் தோல் கையுறையும் வாங்கிக்கொள்ளச் சொன்னார். மெஷினோடு இலவசமாகக் கையில் பிடிக்கும் கவசம் வருகிறதே, அது போதும் என்று விட்டேன். இரண்டு கை உள்ள மனிதன் ஒரு கையில் ராடும் ஒரு கையில் கவசமும் பிடித்தால் குழாயை யார் பிடிப்பது என்பது எனக்கு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத்தான் உறைத்தது.

பத்து மணிக்கு முன்னால் வேறொன்று உறைத்தது. மெஷின் பிளக் வாசல் பக்கத்துச் சுவிட்சில் நுழையவில்லை. கிறிஸ்துமஸ் ஸ்டார் தொங்கவிடும் எக்ஸ்டென்ஷன் வயரை எடுத்து, எப்படியோ திணித்து மாட்டினேன். நான்காம் நிமிடம் அந்த வயர் வெல்லப்பாகாக உருகியது. வாஷிங் மெஷின் சுவிட்சிலிருந்து இழுத்தேன். ராடைக் குழாயில் வைத்ததும் அது ஒட்டிக்கொண்டது. இழுத்தேன், வரவில்லை. பலமாக இழுத்தேன், குழாய், ராடு, வயர், மெஷின் எல்லாம் ஊர்வலமாக என் பின்னால் வந்தன. கரண்ட் போதவில்லை போல என்று மெஷினில் கரண்டைக் கூட்டும் திருகைக் கடைசிவரை திருகினேன். இப்போது ஒட்டவில்லை. குழாயில் ஐம்பது காசு அளவுக்கு ஓட்டை விழுந்தது. அந்த ஓட்டையை அடைக்கப் போய் ஒரு ரூபாய் அளவுக்கு விழுந்தது. இடையில் கவசத்தைக் கீழே போட்டுவிட்டுக் கண்ணைச் சுருக்கிக்கொண்டே பத்தவைத்தேன். சூரியனையே அப்படிப் பார்த்திருக்கிறோமே என்று தைரியம்.

சாயங்காலத்துக்குள் எப்படியோ, படியில் சிமெண்டு வைத்து நட்ட மூன்று காலும் ஒரு குழாயும் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு நின்றன. பச்சை பெயிண்ட் அடித்தேன். பெயிண்ட் என்பது எவ்வளவு பெரிய பாவத்தையும் மூடும். ஆனால் கண்ணை மூட முடியவில்லை. மிளகாய்ப்பொடியில் மணலைக் கலந்து தூவினாற்போல விடியும்வரை எரிந்தது. சனிக்கிழமை மதுரைக்குப் போகவில்லை. ஈரத்துணியைக் கண்ணில் கட்டிக்கொண்டு கிடந்தேன். அப்போது ஸ்டெல்லா போன் செய்தாள்.

“என்னங்க, ஒங்களுக்கு இம்புட்டு அக்கறை இருக்குன்னு எனக்குத் தெரியாமப் போச்சு. கண்ணு கலங்கிருச்சு” என்றாள்.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் என்னிடம் பேசாத பேச்சு. உடனே அவள் தங்கையிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, மருந்து ஏதாவது மாற்றிக் கொடுத்துவிட்டார்களா, காய்ச்சல் இருக்கிறதா என்று தனியாக விசாரித்தேன். தங்கை சிரித்துவிட்டு வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, கண் கொஞ்சம் தெளிந்திருக்க, வாசலில் உட்கார்ந்து என் கைப்பிடியை ரசித்துக்கொண்டே காபி குடித்தேன். எதிர்வீட்டு சவரிமுத்து அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்ட கிடா ஒன்றை அய்யலூர்ச் சந்தையில் பிடித்து வந்திருந்தார். கன்றுக்குட்டி அளவு கிடா. அதைக் குளிப்பாட்ட வாளி எடுக்கப் போகிறவர், “செத்த நேரம் ஒங்க கம்பில கட்டிக்கிறேன். புதுசு, கெட்டியா இருக்கும்” என்றார். என் வேலையைப் பாராட்டிய முதல் மனிதர். தாராளமாகக் கட்டுங்கள் என்றேன்.

தெருமுனையில் யாரோ ஒரு வெடி போட்டார்கள். கிடா ஒரு துள்ளுத் துள்ளியது. டக், டக், டக். மூன்று சத்தம், மூன்று மூட்டு. கால்கள் மூன்றும் படியிலேயே நின்றன. மேல்குழாய் கிடாவோடு போனது. ஏழடிப் பச்சைக் குழாய் தார்ரோட்டில் கணகணவென்று அடிக்க, கிடா முன்னால், வேட்டியை மடித்துக்கட்டிய சவரிமுத்து நடுவில், காபி டம்ளரோடு நான் பின்னால். பூசை முடிந்து வந்த கூட்டம் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டது. ரேஷன் கடை வாசலில் குழாய் மின்கம்பத்தில் மாட்டிக்கொண்டதால் கிடா நின்றது.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே குழாயைக் கையில் எடுத்தேன். மூட்டு இருந்த இடத்தைப் பார்த்தேன். காக்காய் எச்சம் காய்ந்ததுபோல மேலாக ஏதோ ஒட்டியிருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. நாளை மறுநாள் இந்த இடத்தில்தான் ஸ்டெல்லாவின் கை இருந்திருக்கும். அவள் எடை முழுவதும் இருந்திருக்கும். அப்படியே ரேஷன் கடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். சவரிமுத்து பயந்துபோய் வீட்டுக்கு ஓடி, கிடாவுக்கு வைத்திருந்த தண்ணீரை எடுத்துவந்து எனக்குக் கொடுத்தார்.

ஒரு கையில் மெஷினும் ஒரு கையில் குழாயுமாக ஏலாதின் பட்டறைக்குப் போனேன். விழுந்து விழுந்து சிரிப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. மூட்டை விரலால் தடவினார். முகம் கறுத்தது.

“இதப் பிடிச்சு அந்தப் புள்ள எறங்கியிருந்தா என்ன ஆயிருக்கும்? சொல்லு. என்ன ஆயிருக்கும்?”

அவர் குழாயைப் பட்டறை மூலைக்கு வீசிய வேகத்தில் ஷெட்டே அதிர்ந்தது. ஐந்து நிமிடம் என்னைத் திட்டினார். அதில் அச்சேறக்கூடியது எதுவுமில்லை. பிறகு மெஷினை எடுத்துத் தூக்கிப் பார்த்தார், திருகைத் திருகிப் பார்த்தார், வயரை நசுக்கிப் பார்த்தார்.

“மெசினு நல்ல மெசினு. வாங்குன ஆளுதான் சரியில்ல.”

அப்புறம் அந்தக் கோபத்திலேயே எனக்கு ஒரு பாடம் நடந்தது. வீட்டுக்குச் சின்னச்சின்ன வேலைக்கு இம்மாதிரிக் கைப்பை மெஷினே போதும். பெரியதை வாங்கினால் வீட்டுக் கரண்ட் தாங்காது. வாங்குமுன் அது பழுதானால் பார்க்க ஊரிலேயே ஆள் உண்டா என்று கேட்க வேண்டும். மெல்லிய குழாய்க்கு மெல்லிய ராடு, குறைந்த கரண்ட். துருவையும் பெயிண்டையும் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் பத்தவைக்க வேண்டும். தடித்த வயரில் தனி லைன் இழுக்க வேண்டும். விலை குறைந்த மெஷின் வாங்கி மிச்சம் பிடித்த காசு கண்ணுக்கும் கைக்கும் கவசம் வாங்க; அதில் மிச்சம் பிடிக்கிறவன் மடையன். “மிச்சம் பிடிச்சியா?” என்று கேட்டு, சிவந்திருந்த என் கண்ணை அருகில் வந்து பார்த்தார். “பிடிச்சிருக்க” என்றார்.

திங்கட்கிழமை காலை வருகிறேன் என்றார். அளவு என்று நான் வாயெடுத்தேன். வேலையைப் பார்த்துக்கொண்டு போகச் சொன்னார்.

திங்கட்கிழமை மொபெட்டில் கைப்பிடியைக் கிட்டத்தட்ட முழுதாகவே செய்து கொண்டுவந்துவிட்டார். டேப்பை வெளியிலேயே எடுக்கவில்லை. நான் நட்ட கால்களைப் பிடுங்கி எறிந்து, படியில் துளை போட்டு, தகடு வைத்து, போல்ட் முடுக்கி, என் மெஷினாலேயே கடைசி மூட்டுகளைப் பத்தவைத்தார். கோலம் போடுவதுபோல ராடு நகர்ந்தது. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க ஆத்திரம். வளையலும் செருப்பும் வைத்து அளக்க ஏலாது என்ற மனிதர், இப்போது ஒன்றுமே அளக்காமல் போடுகிறாரே? பிடித்துப் பார்த்தேன். எனக்கு ரொம்பத் தாழ்வாக இருந்தது. முதல் படிக்கு ஒரு முழம் முன்னாலேயே கம்பி தொடங்கி, கடைசிப் படியைத் தாண்டி ஒரு முழம் போய் நின்றது.

“தாழ்வா இருக்குண்ணே. நீளமும் தப்பு.”

“ஒனக்கா போடுறேன்?”

அடுத்து நடந்ததை எங்கள் தெரு இன்னும் பேசுகிறது. ஒரு பலகைத் துண்டை என் வலது முழங்காலில் வைத்துத் துண்டால் கட்டினார். மடக்காமல் ஏறு என்றார். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். கால் மாறிப் போட்டபோதெல்லாம் “ஏலே” என்று ஒரு அதட்டல். இருபது தடவை ஏறி இறங்கினேன். ஜன்னல்கள் திறந்தன. பக்கத்து வீட்டம்மாவின் ஜெபமாலை மறுபடி வெளியே வந்தது. கடைசித் தடவை, மேலே ஏறி முடித்து அப்பாடா என்று கையை விடப்போனபோது உடம்பு பின்னால் சாய்ந்தது. கடைசிப் படியைத் தாண்டி நீண்டிருந்த அந்த ஒரு முழத்தில் கை தானாகப் போய் விழுந்தது. நான் விழவில்லை.

அவர் சாமான்களைக் கட்டினார். ஓரத்தில் ஒரு பூவாவது வளைத்து வையுங்களேன் என்று கேட்டேன். பூவில் சேலை மாட்டும் என்று ஒரு முறைப்பு. கூலி எவ்வளவு என்று கேட்டதற்கும் ஒரு முறைப்பு. போய்விட்டார். எனக்கானால் அது தாழ்வு என்ற பயம் போகவே இல்லை. எப்படியும் தப்பாகத்தான் இருக்கும், எல்லாம் என்னால்தான் என்று தெருவெல்லாம் கேட்க என்னையே திட்டிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குக் கார் வந்தது. எதிர்வீட்டில் சவரிமுத்துவின் கேட் முன்னால் யாரோ குனிந்து தாழ்ப்பாளைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். நல்லாயிருந்த தாழ்ப்பாள். ஏலாதுதான். எங்களைப் பார்க்கவே இல்லை.

ஸ்டெல்லாவின் ஒரு பக்கம் தங்கை, மறுபக்கம் நான். அவள் என் கையை விலக்கிவிட்டுக் கம்பியைப் பிடித்தாள். பிடித்தாள் என்றால், தேடவே இல்லை. கை தொங்கிய இடத்தில் அது இருந்தது. முழங்கை மடங்கிய இடத்தில் சாய்ந்தது. விரல்கள் குழாயைச் சுற்றி அடங்கின. நல்ல கால், ஆபரேஷன் கால். நல்ல கால், ஆபரேஷன் கால். ஐந்து படி. நான் மூச்சுவிட்டபோது அவள் வாசலுக்குள் இருந்தாள்.

நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு அவள் சொன்னாள், “நீங்க அனுப்பிவிட்ட அண்ணன் கெட்டிக்காரருங்க.”

“எந்த அண்ணன்? நான் யாரையும் அனுப்பலையே.”

அவளும் தங்கையுமாகச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம், நான் வாசலில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்த அதே நேரம், பாதிப் புருவத்தோடு ஒரு மனிதர் ஆஸ்பத்திரி வார்டுக்குள் டேப்போடு நுழைந்திருக்கிறார். பார்வையாளர் நேரம் இல்லை என்ற நர்ஸிடம் சண்டை போட்டிருக்கிறார். பிசியோதெரபிக்காக ஸ்டெல்லாவை வாக்கரில் நடக்க வைத்தபோது கூடவே ஓரமாக நடந்து, தரையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் அளந்து, எந்தப் பக்கம் சாய்கிறாள் என்று பார்த்து, கையைப் பிடித்து அழுத்தச் சொல்லிப் பலம் பார்த்திருக்கிறார். அளவுகளை மாத்திரை அட்டையின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறார். யார் நீங்கள் என்று கேட்டதற்கு, “ஒம் மாப்பிள்ளதான் அனுப்புனாரு தாயி. ரொம்பக் கவலையா இருக்காரு. வெளிய சொல்லத் தெரியல” என்றாராம். போகும்போது இரண்டு கொய்யாப்பழம் தலையணைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாராம்.

நான் வாசலுக்கு ஓடினேன். எதிர்வீட்டுத் தாழ்ப்பாள் முன்னால் யாரும் இல்லை.

அடுத்த நாள் பட்டறைக்குப் போய் நன்றி சொன்னேன். “ஏலாது. வேலை கெடக்கு, போ” என்றார். கூலியைத் தகரப் பெட்டி மேல் வைத்துவிட்டு ஓடி வந்தேன். அதில் பாதியைச் சவரிமுத்து வழியாகத் திருப்பி அனுப்பியிருந்தார், நான் கணக்குத் தெரியாதவன் என்ற வசவோடு.

ஆறு மாதம் ஆகிறது. ஸ்டெல்லா பள்ளிக்கூடம் போகிறாள். கம்பியைத் தொடாமலே இறங்கிவிடுகிறாள். காலை ஒன்பது மணிக்கு ஏலாதின் மொபெட் எங்கள் தெரு வழியாகப் போகும். என்னைப் பார்க்க மாட்டார். கம்பியைப் பார்ப்பார், வேகம் கொஞ்சம் குறையும். அந்த நேரம் பார்த்து நான் ஒரு துணியும் கையுமாக வாசலில் நின்று அதைத் துடைத்துக்கொண்டிருப்பேன். துருப் பிடித்துவிடும் என்று ஸ்டெல்லாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.